செல் சாகாதா? பயோபிரிண்டிங் பற்றி வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் பயோபிரிண்டிங் பற்றி எழுதியிருந்தேன். உயிருள்ள செல்களை ஒரு ஜெல்லில் கலந்து, கம்ப்யூட்டர் சொல்கிற வடிவத்தில் அடுக்கடுக்காகப் பிழிந்து திசு உருவாக்கும் வேலை அது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கின்றன: செல் சாகாதா? எனக்கு இதில் ரொம்ப சந்தோஷம். செய்திகளில் எல்லோரும் பிரிண்டரைத்தான் படம் பிடித்துப் போடுகிறார்கள், ஆனால் லேபில் பல வருடம் இதே வேலையில் இருந்த எனக்குத் தெரிந்தவரை, பிரிண்டர் பாதி விஷயம்கூட இல்லை. செல் எந்த மையில், அதாவது எந்த ஜெல்லில், உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் எல்லாம். அதனால் இந்த மாதம் முழுக்க மை பற்றிய கேள்விகளையே எடுத்துக்கொள்கிறேன்.

"சார், பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். உங்கள் கட்டுரையை வகுப்பில் வாசித்தேன். ஒரு பையன் எழுந்து, பிரிண்டருக்குள் சூடு இருக்குமே, செல் வெந்துபோகாதா என்று கேட்டான். என்ன சொல்வது?"
ஓர் ஆசிரியர், நாமக்கல்

அந்தப் பையனைப் பாராட்டியதாகச் சொல்லுங்கள். கல்லூரிகளில் இப்போது வைத்திருக்கும் சாதாரண த்ரீ-டி பிரிண்டர், பி.எல்.ஏ. என்கிற பிளாஸ்டிக் கம்பியைச் சுமார் 200 டிகிரியில் உருக்கி ஊற்றும். அதில் செல்லைக் கலந்தால் அவன் சொன்னதுதான் நடக்கும். மனிதச் செல்லுக்கு வேண்டியது 37 டிகிரி, 7.4க்குப் பக்கத்தில் பி.எச்., ரத்தத்தில் இருக்கிற அளவுக்கு உப்பு, அப்புறம் ஈரம். உப்பு குறைந்தால் தண்ணீரை உறிஞ்சி உப்பி வெடிக்கும், கூடினால் உப்பில் போட்ட மாவடு மாதிரி சுருங்கிவிடும்.

ஆனால் ஒரு ஆச்சரியம், இந்தத் துறை தொடங்கியதே ஆபீஸ் பிரிண்டரில்தான். 1988இல் ராபர்ட் கிளீப் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒரு ஹியூலெட்-பேக்கார்டு இங்க்ஜெட்டில் மைக்குப் பதிலாக ஃபைப்ரோநெக்டின் என்ற புரதத்தை நிரப்பி அச்சிட்டார். செல்கள் அந்தப் புரதம் விழுந்த இடத்தில் மட்டும் போய் ஒட்டிக்கொண்டன. அவர் அச்சிட்டது செல்லை அல்ல, செல் உட்காருவதற்கான பாயை. பிறகு 2000க்குப் பின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் போலண்ட் குழு பழைய இங்க்ஜெட் பிரிண்டர்களைப் பிரித்து மாற்றி, செல்களையே துளித்துளியாகத் தெளித்துக் காட்டியது. அதற்கு 2006இல் காப்புரிமையும் கிடைத்தது. சூடாக்கித் தெளிக்கும் இங்க்ஜெட் தலையில் உள்ள சின்ன ஹீட்டர் 300 டிகிரி வரை போகும், ஆனால் அது சில மைக்ரோ விநாடிதான், அந்த நேரத்துக்குள் துளி முழுவதும் சூடாக வழியே இல்லை, சில டிகிரி ஏறுவதோடு சரி. செல் பிழைத்துவிடும்.

இப்போது பெரும்பாலான லேபில் நடப்பது பிழியும் முறை, மருதாணி கோனில் கோலம் போடுகிற மாதிரி. இங்கே ஆபத்து சூடு இல்லை, உரசல். மெல்லிய ஊசிக்குள் ஜெல் போகும்போது நடுவில் வேகமாகவும் சுவரோரத்தில் மெதுவாகவும் நகரும். சுவரோரம் மாட்டிய செல் இரண்டு பக்கமும் இழுபட்டுக் கிழிந்துபோகும். ஊசி எவ்வளவு மெல்லியதோ, அழுத்தம் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு சேதம். அதனால்தான் அழுத்தினால் இளகி, விட்டதும் மறுபடி கெட்டியாகிற பொருளைத் தேடுகிறோம். நல்ல மருதாணி விழுதும் அப்படித்தான், கோனை அழுத்தினால் ஓடும், கையில் விழுந்ததும் நிற்கும். அதே பிரிண்டர், அதே செல் என்றாலும் மை சரியாக இருந்தால் பத்தில் ஒன்பது செல் பிழைத்திருக்கும், அவசரத்தில் அழுத்தத்தைக் கூட்டினால் பாதி போய்விடும். வேலை முடிந்ததும் இரண்டு சாயம் ஊற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம்: உயிரோடு இருப்பது பச்சை, செத்தது சிவப்பு. நான் முதன்முதலில் பிழிந்த தட்டு முழுக்கச் சிவப்பாக இருந்தது, அன்றைக்கு மதியம் சாப்பிடவே தோன்றவில்லை.

"அண்ணா, எங்கள் அம்மாவும் ஊர்ப் பெண்களும் கடலில் பாசி எடுப்பவர்கள். கட்டக்கோரையிலிருந்து வருகிற பொருளில்தான் செல்லை அச்சிடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நிஜமாகவா?"
கல்லூரி மாணவி, ராமநாதபுரம் மாவட்டம்

நிஜம்தான் தங்கச்சி. இந்த மாதம் வந்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த கடிதம் உன்னுடையது.

கட்டக்கோரை, பக்கோடாப் பாசி இரண்டும் பழுப்புப் பாசிகள். அவற்றின் செல் சுவரில் ஆல்ஜினேட் என்ற கூழ் போன்ற பொருள் இருக்கிறது. அதைப் பிரித்துச் சோடியம் ஆல்ஜினேட் பொடியாக ஆக்குவார்கள். அந்தப் பொடி ஐஸ்கிரீமுக்குப் போகிறது, துணிக்கு அச்சடிக்கும் சாயத்தைக் கெட்டியாக்கப் போகிறது. பல் டாக்டர் கடிக்கச் சொல்லி வாயில் வைக்கும் அந்த மெத்தென்ற அளவெடுக்கும் பசையும் பெரும்பாலும் அதுதான்.

செல்லுக்கு இது ஏன் ஒத்துப்போகிறது என்றால், கெட்டியாவதற்குச் சூடு வேண்டாம், வெளிச்சம் வேண்டாம், காட்டமான ரசாயனம் எதுவும் வேண்டாம். கொஞ்சம் கால்சியம் போதும். ஆல்ஜினேட்டின் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளில் வரிசையாகக் குழிகள் இருக்கும், இரண்டு சங்கிலிகள் நெருங்கும்போது நடுவில் கால்சியம் அயனி வந்து உட்காரும், முட்டை அட்டையில் முட்டை உட்காருகிற மாதிரி. புத்தகங்களிலும் இதை முட்டை அட்டை அமைப்பு என்றுதான் சொல்கிறார்கள். கால்சியம் குளோரைடு கரைசலில் ஒரு துளி ஆல்ஜினேட்டை விட்டுப் பார், கண் இமைப்பதற்குள் ஜவ்வரிசி மாதிரி உருண்டுவிடும். உன் கல்லூரி லேபிலேயே செய்யலாம்.

ஆனால் ஒரு குறை உண்டு. ஆல்ஜினேட் செல்லைக் கொல்லாது, ஆனால் உபசரிக்கவும் செய்யாது. நம் உடம்பின் செல் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி தேடும், பாசியில் அந்தக் கைப்பிடி கிடையாது. அதனால் செல்கள் நீளாமல், பரவாமல், உருண்டையாக அப்படியே கிடக்கும். இதற்கான விடை 1984இல் கிடைத்தது. ரூஸ்லாட்டி, பியர்ஷ்பாக்கர் என்ற இருவர் ஃபைப்ரோநெக்டினில் செல் பிடிக்கும் இடம் மூன்றே அமினோ அமிலங்கள் என்று கண்டுபிடித்தார்கள், ஆர்ஜினின், கிளைசின், ஆஸ்பார்டிக் அமிலம். இப்போது அந்த மூன்றையும் ஆல்ஜினேட்டில் கட்டிவிடுகிறோம், அல்லது கொலாஜன், ஜெலட்டின் போன்ற வேறொன்றோடு கலக்கிறோம். 2018இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் சே கானன் குழு கருவிழி (கார்னியா) வடிவத்தை அச்சிட்டது ஆல்ஜினேட்டும் கொலாஜனும் கலந்த மையில்தான். பிழிந்து முடிக்கப் பத்து நிமிடத்துக்கும் குறைவு.

செல்லோடு பயன்படுத்தும் ஆல்ஜினேட்டை மிகக் கடுமையாகச் சுத்திகரிக்க வேண்டும், கடலிலிருந்து வரும் பாக்டீரியா நஞ்சும் பாசியின் துவர்ப்புப் பொருள்களும் துளி மிஞ்சினாலும் உடம்பு எதிர்க்கும். அதனால் அம்மா எடுத்த பாசி நேராக லேபுக்குப் போகிறது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதே குடும்பத்துப் பாசி என்று அம்மாவிடம் தைரியமாகச் சொல்லலாம்.

"ஜெலட்டின், கொலாஜன் எல்லாம் மாடு, பன்றியிலிருந்து வருவதாமே? சைவர்கள் என்ன செய்வது?"
வாசகர், மயிலாடுதுறை

ஆமாம், பெரும்பாலும் மாட்டின் எலும்பு, தோல், பன்றித் தோல். உடம்பில் இருக்கும் புரதத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கொலாஜன், அதனால் செல்லுக்கு அது சொந்த வீடு. இஸ்ரேலில் கால்பிளாண்ட் என்ற நிறுவனம் மனிதக் கொலாஜனுக்கான மரபணுவைப் புகையிலைச் செடியில் வைத்து, இலையிலிருந்து கொலாஜன் எடுக்கிறது. அது விலங்கிலிருந்து வருவதில்லை. சைவர், இஸ்லாமியர் என்று பலருக்கும் இது முக்கியமான கேள்வி, சிகிச்சை என்று வரும்போது மை எதிலிருந்து வந்தது என்று நோயாளியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

"மேற்படிப்பு ப்ராஜெக்ட்டில் ஜெல்மாவில் செல் கலந்து யு.வி. அடிக்கிறேன் சார். மூன்று முறையும் செல் செத்துவிட்டது. கைடு, உன் கை சரியில்லை என்கிறார். உதவுங்கள்."
பயோடெக்னாலஜி மாணவி, வேலூர்

உங்கள் கையில் குறை இருக்காது என்றே நினைக்கிறேன் அம்மா. மற்றவர்களுக்காக ஒரு வரி: ஜெலட்டின் 37 டிகிரியில் உருகிவிடும், உடம்புச் சூட்டில் நிற்காது, அதனால் அதில் மெத்தாக்ரிலாயில் என்ற கொக்கிகளை மாட்டி, வெளிச்சம் பட்டால் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும்படி செய்வார்கள், அதுதான் ஜெல்மா.

இங்கே கொல்லக்கூடியவை நான்கு: யு.வி. என்கிற புற ஊதாக் கதிர், கதிர் பட்டதும் பூட்டும் வேலையைத் தொடங்கிவைக்க நாம் கலக்கும் ஒளித்தொடக்கியிலிருந்து கிளம்பும் ஃப்ரீ ராடிக்கல் என்ற முரட்டுத் துகள், ஜெல்மா தயாரித்தபோது போகாமல் மிஞ்சிய மெத்தாக்ரிலிக் அமிலம், அப்புறம் செல்லை சிரிஞ்சில் போட்டு நீங்கள் காத்திருந்த நேரம். எது என்று யூகிக்காதீர்கள், பிரித்துப் பாருங்கள். செல் வளர்க்கும் தட்டின் ஒரு குழியில் செல்லும் ஒளித்தொடக்கியும் மட்டும், வெளிச்சம் வேண்டாம். இன்னொன்றில் செல்லுக்கு வெளிச்சம் மட்டும், ஒளித்தொடக்கி வேண்டாம். மூன்றாவதில் ஜெல்மாவில் செல், ஆனால் வெளிச்சமும் ஒளித்தொடக்கியும் இல்லாமல். நான்காவதில் சிரிஞ்சில் அரைமணி வைத்துவிட்டு செல் வளர்க்கும் திரவமான வெறும் மீடியாவில் விடுங்கள். ஒரே நாளில் ஆளைப் பிடித்துவிடலாம்.

நீங்கள் குறிப்பிட்ட ஒளித்தொடக்கி இர்காக்யூர் 2959 தண்ணீரில் கரைய அடம்பிடிக்கும், 365 நானோமீட்டர் யு.வி.யும் கேட்கும். முடிந்தால் லாப் என்ற ஒளித்தொடக்கிக்கு மாறுங்கள். நன்றாகக் கரையும், 405 நானோமீட்டரில், அதாவது கண்ணுக்குத் தெரியும் ஊதா வெளிச்சத்திலேயே வேலை செய்யும், செல்லின் டி.என்.ஏ.வுக்கு அது எவ்வளவோ மேல். ஜெல்மாவை நீங்களே தயாரித்திருந்தால், டயாலிசிஸ் பையில் வைத்து 40 டிகிரி தண்ணீரில் எத்தனை நாள் விட்டீர்கள்? ஐந்து முதல் ஏழு நாள் வேண்டும், தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். உறைய வைத்து உலர்த்திய பிறகும் காட்டமான வாடை வந்தால் அந்தத் தொகுதியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், மனசு கேட்காது, ஆனாலும் போட்டுவிடுங்கள்.

ஒரு சின்னச் செய்தி, உங்களுக்குத் தெம்பு தரும் என்பதால். வெளிச்சத்தால் அச்சிடும்போது ஒளி கீழ் அடுக்குக்கும் இறங்கி, திறந்திருக்க வேண்டிய துளைகளையும் உறைய வைத்துவிடும். ஒளியை உறிஞ்ச ஒரு சாயம் சேர்க்க வேண்டும், ஆனால் வழக்கமான சாயங்கள் செல்லுக்கு விஷம். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஜோர்டன் மில்லர் குழு 2019இல் போட்டது எது தெரியுமா, டார்ட்ரசின், இனிப்புகளில் போடும் மஞ்சள் கலர் பொடி. அதை வைத்து, காற்று போகும் பையும் அதைச் சுற்றி ரத்தக் குழாய்ப் பின்னலுமாக நுரையீரலின் சின்ன மாதிரி ஒன்றை ஜெல்லில் அச்சிட்டார்கள், ரத்தச் சிவப்பணுக்கள் அதில் ஓடி ஆக்ஸிஜனை வாங்கிக்கொண்டன. செல்லுக்கு இதமான பொருளைத் தேட சமையலறை அலமாரியும் நல்ல இடம்தான்.

"ஒரு பாட்டில் மையில் பயோகம்பாட்டிபிள் என்று போட்டிருந்தால் நம்பலாமா?"
வாசகர், கோயம்புத்தூர்

உடம்புக்கு ஒத்துப்போகும் என்று பொருள்படும் அந்த வார்த்தை மட்டும் போதாது. எந்த இடத்தில், எந்த வேலைக்கு, எவ்வளவு நாளைக்கு என்று சேர்த்துச் சொன்னால்தான் அதற்கு அர்த்தம். எலும்புக்கு ஒத்துப்போகிற பொருள் கண்ணுக்கு ஒத்துப்போக வேண்டியதில்லை. ஐ.எஸ்.ஓ. 10993 என்ற சர்வதேசத் தர விதித் தொகுப்பில் எந்தெந்தச் சோதனை செய்தார்கள் என்று கேளுங்கள். அதில் ஐந்தாம் பகுதி செல்லுக்கு நஞ்சா என்று பார்ப்பது. அப்படி எழுதியிருந்த ஒரு மையை நம்பி நாங்கள் இரண்டு மாதம் இழந்தோம். அந்தப் பொருள் கெட்டது இல்லை, அவர்கள் சோதித்தது ஒரு வகைச் செல், எங்களுடையது வேறு வகை.

"கொலாஜன் தொளதொள என்றிருக்கும் என்று சென்ற இதழில் எழுதினீர்கள். பிறகு அதில் அச்சிடும் இதயம் சரியாமல் வடிவத்தோடு எப்படி இருக்கும்?"
ஓய்வுபெற்ற இன்ஜினியர், திருச்சி

இதுதான் ஐயா இந்தத் துறையின் அடிப்படைச் சண்டை. வடிவம் நிற்கும் அளவுக்கு மையைக் கெட்டியாக்கினால் செல்லுக்குப் பிடிக்காது, செல்லுக்குப் பிடித்த மாதிரி மிருதுவாக வைத்தால் மேலே அடுக்க அடுக்க சரிந்துவிடும். இரண்டையும் ஒரே பொருளில் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பிட்ஸ்பர்க்கில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஆடம் ஃபைன்பெர்க் குழு 2015இல் இதை வேறு மாதிரி தீர்த்தது, முறைக்கு ஃப்ரெஷ் என்று பெயர். காற்றில் பிழியாமல், ஜெலட்டின் துகள்கள் நிரம்பிய கூழுக்குள் ஊசியை இறக்கிப் பிழிகிறார்கள். ஊசி போகும்போது கூழ் விலகும், போனதும் மூடிக்கொள்ளும், பிழிந்த இழை எங்கே விட்டோமோ அங்கேயே நிற்கும். கொலாஜன் அமிலத்தில் திரவமாக இருக்கும், கூழில் பி.எச். 7.4 வைத்திருப்பதால் வெளியே வந்த உடனே உறைந்துவிடும். எல்லாம் முடிந்ததும் 37 டிகிரிக்குச் சூடாக்கினால் ஜெலட்டின் உருகி வழிந்துபோக, கொலாஜன் உருவம் மட்டும் மிஞ்சும். ஜெலட்டின் உடம்புச் சூட்டில் உருகிவிடும் என்று மேலே வேலூர் மாணவிக்குக் குறையாகச் சொன்னேனே, அந்தக் குறையே இங்கே உதவியாகிவிட்டது. எனக்கு இதைப் படித்த அன்று தூக்கமே வரவில்லை.

2019இல் இதே முறையில் இதயக் கீழறையின் சின்ன மாதிரி ஒன்றை அச்சிட்டார்கள்: உள்ளேயும் வெளியேயும் கொலாஜன் சுவர், நடுவில் ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த மனித இதயச் செல்கள். கவனியுங்கள், செல்லை அமிலத்தில் போடவில்லை, அதற்குத் தனி மை. சில நாளில் அது ஒரே தாளத்தில் சுருங்கி விரிந்தது. அதே வருடம் டெல் அவிவில் டால் டிவிர் குழு செர்ரிப் பழ அளவில் குழாய்களோடு ஓர் இதயம் அச்சிட்டதும் பெரிய செய்தியானது. அதில் செல்கள் சுருங்கின, ஆனால் இதயமாகச் சேர்ந்து ரத்தத்தைத் தள்ளவில்லை. இந்த வித்தியாசத்தைத் தலைப்புச் செய்திகள் பெரும்பாலும் சொல்வதில்லை.

"என் கணவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒருவர், வெளிநாட்டில் கிட்னி பிரிண்ட் செய்கிறார்கள், முன்பணம் கட்டினால் பெயர் பதியலாம் என்கிறார். வீடியோவும் அனுப்பினார். கட்டலாமா?"
வாசகி, ஊர் வேண்டாம்

கட்டாதீர்கள் அம்மா. ஒரு ரூபாய்கூட வேண்டாம். வேலை செய்கிற சிறுநீரகத்தை அச்சிட்டு மனிதருக்குப் பொருத்தியவர் இன்று உலகத்தில் யாரும் இல்லை, அதற்கு முன்பதிவு என்று எதுவும் கிடையாது.

அந்த வீடியோவில் ஒரு டாக்டர் மேடையில் கையில் சிறுநீரகம் மாதிரி ஒன்றை ஏந்தியிருப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். 2011இல் ஆண்டனி அட்டாலா காட்டியதாக இருக்கலாம். அவர் மிகப் பெரிய ஆராய்ச்சியாளர், நோயாளிகளின் சொந்தச் செல்லில் வளர்த்த சிறுநீர்ப்பைத் திசுவை நிஜமாகவே பொருத்தி, 2006இல் வெளியிட்டவர். ஆனால் மேடையில் இருந்தது சிறுநீரகத்தின் வடிவம்தான், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் சிறுநீரகம் இல்லை. சிறுநீர்ப்பை ஒரு பை. சிறுநீரகம் அப்படி இல்லை, ஒன்றில் ரத்தத்தை வடிகட்டும் நெஃப்ரான்கள் சுமார் பத்து லட்சம், ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய ரத்தக் குழாய்கள். ரத்தக் குழாயிலிருந்து 0.2 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் செல்லுக்கு ஆக்ஸிஜன் போதாமல் போகும். எவ்வளவு இதமான மையில் வைத்தாலும் மூச்சு இல்லாவிட்டால் செல் பிழைக்காது. சர்க்கரையால் குழாய் வலை அச்சிட்டு, மேலே செல் கலந்த ஜெல் ஊற்றி, சர்க்கரையைக் கரைத்துக் குழாய் உண்டாக்குவதுவரை 2012லேயே வந்துவிட்டார்கள். அங்கிருந்து முழு உறுப்பு இன்னும் வெகு தூரம்.

பக்கத்தில் வந்திருப்பவை எளிய திசுக்கள். 2022இல் அமெரிக்காவில், பிறவியிலேயே ஒரு காது வளராத இளம்பெண்ணுக்கு அவருடைய குருத்தெலும்புச் செல்லிலேயே அச்சிட்ட காது பொருத்தினார்கள். அதே வருடம் ஹைதராபாத்தில் எல்.வி. பிரசாத் கண் நிறுவனம், ஐ.ஐ.டி., செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையமான சி.சி.எம்.பி. மூன்றும் சேர்ந்து மனிதக் கருவிழித் திசுவிலிருந்து எடுத்த மையில் கருவிழி அச்சிட்டு முயலுக்கு வைத்தார்கள். காதுக் குருத்தெலும்பிலும் கருவிழியிலும் ரத்தக் குழாய் கிடையாது, அதனால்தான் அவை முந்திக்கொண்டன.

இதைப் படித்ததும் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் கையில் இருக்கிற வழியைப் பிடியுங்கள். உறவில் யாராவது கொடுக்க முடியுமா என்று சிறுநீரக டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். ரத்த வகை பொருந்தாவிட்டால், அதே சிக்கலில் உள்ள இன்னொரு குடும்பத்தோடு மாற்றிக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது, பலர் இதைக் கேட்பதே இல்லை. மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து பெறும் பட்டியலில் பெயர் ஏற, உரிமம் பெற்ற மாற்று அறுவை மருத்துவமனை வழியாக, தமிழ்நாடு அரசின் உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டானில் பதிய வேண்டும், வெளியில் யாருக்கும் பணம் கொடுத்து அந்தப் பட்டியலில் ஏற முடியாது. அவருடைய பெயர் ஏற்கெனவே பதிந்திருக்கிறதா என்று அடுத்த டயாலிசிஸ் நாளிலேயே கேளுங்கள். அந்த ஆள் அனுப்பிய குறுஞ்செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள், போலீசில் கொடுக்கத் தேவைப்படும். பத்திரிகை முகவரிக்கு எனக்கு எழுதுங்கள், இதழுக்காகக் காத்திருக்காமல் தனியாகப் பதில் போடுகிறேன்.